கூலியும் நன்மையும்

பள்ளிவாசலில் பாங்கு சொல்பவரையும், மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவரையும் குறித்து, "சம்பளத்துக்குத்தானே செய்கிறார், இதில் என்ன நன்மை?" என்று கேட்போர் நம்மில் உண்டு. தனக்கும் பலன் தரும் ஒரு செயல் நற்செயலாக முடியாதா? இதைச் சிந்திக்க, நம் அடுப்பில் காயும் பாமாயிலின் வரலாறு உதவும்.

எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. தென்கிழக்கு ஆசியாவுக்கு அது 1848இல், ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகளாக வந்தது. அதன் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது என்று நெடுங்காலம் எண்ணினர். ஆனால் மலேசியத் தோட்டங்களில் காய்ப்பு போதவில்லை. ஆகவே தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று பெண் பூங்குலைகளில் மகரந்தத்தைத் தூவி வந்தனர். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே இவ்வேலையைச் செய்வது நம் அரிசிப் பானை வண்டின் தூரத்து உறவான சின்னஞ்சிறு மூக்கு வண்டு எனக் காட்டினார். 1981இல் அவ்வண்டு மலேசியாவில் விடப்பட்டது. பின்னர் கையால் தூவும் வேலை பெரும்பாலும் நின்றே போயிற்று.

இவ்வண்டு யாருக்கும் உபகாரம் செய்யப் புறப்படவில்லை. ஆண் பூக்களில் அது உண்கிறது. வாடிய ஆண் பூக்களிலேயே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிறது. பெண் பூங்குலையும் அதே சோம்பு மணத்தை வீசி அழைக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு அதனிடம் மகரந்தமும் இல்லை, குஞ்சு வளர்க்க இடமும் இல்லை. வண்டு ஏமாந்து திரும்பினாலும், அதன் உடலில் ஒட்டி வந்த மகரந்தம் பூவைக் காயாக்கி விடுகிறது. எண்ணற்ற தலைமுறைகளாக ஒன்றுக்கேற்ப மற்றொன்று மாறி அமைந்த உறவு இது. வண்டின் பலனும் மரத்தின் பலனும் ஒரே செயலில் அடங்கியுள்ளன. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

மனிதனுக்கும் வண்டுக்கும் உள்ள வேறுபாடு நிய்யத்து. வண்டுக்கு அது இல்லை. ஆகவே புகழும் இல்லை, பழியும் இல்லை. மனிதனோ கூலி வாங்கும் போதே நல்லெண்ணத்தையும் உள்ளத்தில் வைத்துக்கொள்ள வல்லவன். குடும்பத்துக்காகச் சம்பளம் பெறும் முஅத்தின், ஸுப்ஹுக்கு முன் எழுவது அந்தச் சம்பளத்துக்காக மட்டுமே என்று தீர்ப்புக் கூற, அவர் உள்ளத்தைப் பார்த்தவர் யார்?

இன்னொரு படிப்பினையும் உண்டு. பெண் பூவின் வெறும் மணம் பலிப்பது, அதே தோப்பில் ஆண் பூக்கள் உண்மையாகவே உணவும் இடமும் கொடுப்பதால்தான். ஆண் பூங்குலைகள் குறைந்த இளந்தோட்டங்களில் வண்டுகள் அருகி, காய்ப்பும் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். "தியாகி", "சேவையாளர்" என்ற மணத்தை மட்டும் வீசி, மாதச் சம்பளத்தை இழுத்தடிக்கும் ஜமாஅத்தார் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.

அவருக்குரிய நன்மை எவ்வளவு என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கணக்கு. அவருக்குரிய கூலி நம் மீதுள்ள கடன். முன்னதை விசாரிப்பதை விட்டுவிட்டுப் பின்னதைக் குறித்த நாளில் கொடுத்து விடுவோமாக!