திருச்சுழித் தாயார்

அருப்புக்கோட்டை வட்டத்துக் கோவிலாங்குளத்தில் அருகன் திருமேனியை வணங்கச் செல்வோர், அக்கரிசற் பகுதியிலேயே திருச்சுழியையும் காணலாம். அவ்வூரில் வாழ்ந்த அழகம்மையார் நம் சமயத்தவர் அல்லர். எனினும் அவ்வன்னையை இன்று நினைக்கின்றோம்.

1892இல் கணவரை இழந்தார். 1896இல், பின்னாளில் ரமணர் என உலகறிந்த மகன், பதினாறு வயதில் வீடு துறந்து திருவண்ணாமலை சென்றார். 1898இல் தாயார் தேடிச் சென்று, திரும்பி வருமாறு நாள்தோறும் அழுது மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. மறுமொழியை எழுதியே காட்டினார். அம்மகனின்றி மீண்ட அத்தாயின் வழிநடை எத்தகையது! வர்த்தமானர் துறவேற்ற நாளைக் கொண்டாடும் நாம், பிரியகாரிணித் தாயாரின் அன்றைய இரவை எண்ணியதுண்டா?

1900இல் மூத்த மகனும் மறைந்தார். 1916இல் அம்மையார் மலைக்கே வந்து தங்கினார். மகனை அழைத்துச் செல்ல அன்று. உடனிருந்தோர் அனைவருக்கும் சமைத்தார். எல்லாப் பெண்டிரும் தமக்குத் தாயரே என மகன் உரைத்தபோது கண்ணீர் விட்டார், நாளடைவில் தெளிந்தார். நீரை வடிகட்டி, பொழுதடையுமுன் அன்னமிட்ட நம் அன்னையர் முகமே அவ்வடுப்படியில் நமக்குத் தோன்றுகிறது.

1922 மே 19 அன்று, தலையிலும் மார்பிலும் மகன் கைவைத்திருக்க, அவர் உயிர் பிரிந்தது.