சாரதியின் ஆசனம்

நெடுந்தூரம் காரோட்டிச் செல்லப் புறப்படுகிற ஒருவர், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, சாய்மானத்தைத் திருத்தி, இடுப்புக்குப் பின்னே ஒரு துண்டை மடித்து வைத்து, மனத்துக்குத் திருப்தி ஏற்படும்வரை வண்டியை எடுக்காமலிருப்பதைக் கண்டால், 'இத்தனை சொகுசு எதற்கு?' என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வியை அவசரக்காரர்களின் பேச்சென்று தள்ளிவிட முடியாது. சரீரத்துக்குக் கொடுக்கும் சுகமெல்லாம் ஆன்மாவின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதே என்று தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டு வளர்ந்த உபதேசம் அதன் அடியில் இருக்கிறது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். திண்ணையில் உட்கார்ந்தால் தூணில் சாயக்கூடாது என்று கற்பித்த வீடு எங்களுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு நானே வண்டியோட்டிப் புறப்பட்டபோது, என்னைவிட நல்ல உயரமான என் மகன் தனக்கென அமைத்து வைத்திருந்த இருக்கையில் அப்படியே அமர்ந்துகொண்டேன். கிளட்சை முழுதும் அழுத்த வேண்டுமானால் இடுப்பை முன்னே சறுக்கிக் காலை எட்டி நீட்ட வேண்டியிருந்தது. அதைத் திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆயினும் அந்த ஒரு நிமிஷத்தை என் உடம்புக்குக் கொடுக்க எனக்குக் கூச்சமாயிருந்தது. செங்கற்பட்டு வரையில் ஒன்றும் தெரியவில்லை. விழுப்புரத்தில் இடுப்பு கடுக்கத் தொடங்கிற்று. உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் வலியைத் தவிர வேறு நினைவே இல்லை. பெரம்பலூருக்குச் சமீபத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு சிறுவனை, காண வேண்டிய கணம் தப்பிய பிறகே கண்டேன். பிரேக் பிடித்தது, ஈசன் அருளால் ஒன்றும் நேரவில்லை. சரீரத்தைப் பொருட்படுத்தாதவன் என்று என்னைப்பற்றி எண்ணியிருந்த நான், அன்று காலை முதல் சரீரத்தைத் தவிர வேறொன்றையும் தியானிக்கவில்லை என்பது, வண்டியை ஓரமாக நிறுத்திக் கை நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது.

மறுநாள் சித்தன்னவாசலுக்குப் போனேன். அங்கே குன்றின்மேல், ஏழடிப்பட்டம் என்று வழங்கும் இயற்கைக் குகையில், சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. உடம்பை வருத்துவதைக் காயக்கிலேசம் என்று பெயரிட்டுத் தவத்தின் அங்கங்களில் ஒன்றாகவே வைத்த சமயம் அவர்களுடையது. உண்ணாதிருந்து உயிர்துறப்பதையும் விரதமாகக் கொண்டவர்கள் அவர்கள். அத்தகையவர்களுக்காக இழைத்த பாறையில், தலைமாட்டில் மட்டும் கல்லைத் தலையணைபோலச் சற்று உயர்த்திச் செதுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். அங்கே பொறித்திருக்கும் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்தும் அதை 'இருக்கை' என்ற பொருளுள்ள அதிட்டானம் என்ற சொல்லாலேயே குறிக்கிறது. வீட்டையும் ஆடையையும் உணவையும் துறக்கத் துணிந்தவர்கள், கழுத்துக்கு வேண்டிய அந்த நாலு விரல் உயரத்தைத் துறக்கவில்லை.

சாஸ்திரங்களைத் திரும்பப் புரட்டினால் அவையும் இதையே சொல்கின்றன. பதஞ்சலி முனிவர் தம் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். அவற்றில் ஓர் ஆசனத்தின் பெயரைக்கூட அவர் கூறவில்லை. அது அசையாததாயும் சுகமானதாயும் இருக்க வேண்டும் என்ற இரண்டு இலக்கணங்களோடு நிறுத்திக்கொள்கிறார். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான், தியானம் செய்பவனின் இருக்கை மிக உயரமாகவும் கூடாது, மிகத் தாழ்வாகவும் கூடாது என்று அளவு சொல்லி, அதன்மேல் விரிக்க வேண்டிய தர்ப்பையையும் தோலையும் துணியையும்கூட மறவாமல் குறிப்பிடுகிறார். சரீரத்தைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் காட்டிய கடோபநிஷதம் மட்டும் சாரதியின் ஆசனத்தைப்பற்றிப் பேசவில்லை; அந்த இடத்தைப் பதஞ்சலி நிரப்பினார் என்று கொள்வது எனக்குப் பிரியமான எண்ணம். இவர்கள் சொல்லும் சுகம் போகமன்று. உடம்பு தன்னை நினைக்கும்படி ஓயாமல் அழைப்பதை நிறுத்தியிருக்கும் நிலை அது. ஆதலால், நோகும் உடம்பைச் சுமந்து செல்வதில் வைராக்கியம் ஏதுமில்லை. சுகித்திருப்பவனைவிட வலியில் இருப்பவனே தேகத்தோடு அதிகமாகக் கட்டுண்டிருக்கிறான்.

ஆகவே முறையைச் சொல்வதில் வெட்கமில்லை. இடுப்பைச் சாய்மானத்தின் அடிவரை ஒட்டி அமர்ந்து, கிளட்சை முழுதும் மிதித்தபோதும் முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு இருக்கையை நகர்த்தி, முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும்படி விட்டு, தோள்களைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமலே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படியும்படியும், மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் அமைத்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு இடுப்பருகே இயல்பாகவே உள்வளைந்தது. கூனி உட்கார்ந்தால் அந்த வளைவு அழிந்து, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின்மேல் பாரம் ஏறுகிறது. அந்த வளைவில் பொருந்தும்படி மடித்து வைத்த ஒரு துண்டு, விலையுயர்ந்த இருக்கைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பின்பாக்கெட்டில் இருக்கும் மணிபர்ஸை எடுத்து வெளியே வையுங்கள். அதன்மேல் அமர்ந்தால் இடுப்பு ஒருபுறம் உயர்ந்து, முதுகு கோணிவிடும்.

இதற்கு மறுகரையும் உண்டு. சாய்மானம் 100 முதல் 110 டிகிரி வரையில் இருப்பதே நலம், அதற்கு மேலும் மல்லாந்தால், சாலையைப் பார்க்கக் கழுத்து முன்னே வளைய, கைகள் விறைத்து நீள, இடுப்பில் கிடக்க வேண்டிய சீட் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடுகிறது, தூக்கமும் வருகிறது. அங்கே ஸ்திரம் போய்த் தமோகுணம் மட்டும் மிஞ்சுகிறது. பதஞ்சலி இரண்டையும் சேர்த்துச் சொன்னதன் அருமையை நான் இங்கேதான் கண்டேன்.

பழைய அம்பாஸடர் கார்களில் முன்னிருக்கை பெஞ்சுபோல ஒன்றாகவே இருந்தது. ஓட்டுகிறவர் நகர்த்தினால் பக்கத்தில் இருப்பவரும் கூடவே நகர வேண்டும். இன்று ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவு வாய்த்திருக்கும்போது, பிறர் அளவில் அமர்ந்து துன்புறுவதற்குக் காரணமே இல்லை. இருக்கையை மாற்றியதும் கண்ணாடிகளையும் மாற்ற வேண்டும். ஏனெனில் நாம் அமரும் விதம் மாறியவுடன் நமக்குத் தெரியும் உலகமும் மாறிவிடுகிறது. எவ்வளவு நல்ல ஆசனமானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைவிட்டு இறங்கி நடக்கவும் வேண்டும்.

பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுக்கும் அன்பர்களே, அதற்கு முன் இருக்கைக்கும் இரண்டு நிமிஷம் கொடுங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும் சிறுவன் உங்கள் வழியிலும் இருப்பான்.