பெயர் மறைத்த கட்டுரையும் உரை அளவையும்

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர் முதலில் தம் பெயரை எடுத்துவிட வேண்டும். பெயர், பல்கலைக்கழகம், நன்றியுரை எல்லாம் தனிக் கோப்பில் போகும். தம் பழைய ஆய்வைச் சுட்டும் இடத்தில்கூட ‘கட்டுரையாளர்’ என்று மட்டும் போட வேண்டும். வேர்ட் கோப்பின் உள்ளே தங்கிவிட்ட பெயரையும் தேடி அழிக்கச் சொல்லும் இதழ்கள் உண்டு. மதிப்பீட்டாளர் யார் என்பதும் எழுதியவருக்குத் தெரிவிக்கப்படாது. இத்தனை ஏற்பாட்டுக்கும் அடியில் ஒரு தத்துவக் கொள்கை இருக்கிறது: சொல்பவர் யாரென்று அறியாமலே சொன்னது மெய்யா என்று தீர்மானிக்கலாம் என்பதே அது.

இந்தக் கொள்கையைத் தமிழ் மரபு புதிதாகக் கேட்கவில்லை. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் சொல்லும் வாயைப் பாராமல் பொருளைப் பார்க்கச் சொல்கிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலை இதைத் தருக்கமாகவே எடுத்துப் பேசுகிறது. சமயக்கணக்கர் காதையில் வைதிகவாதி மெய்யை அறியும் வழிகளாகிய அளவைகள் பத்தை அடுக்குகிறான். பின்னால் பௌத்தத் துறவி அறவண அடிகளோ நேரே காணும் காட்சி, அனுமானமாகிய கருத்து என இரண்டே போதும், மற்றவை கருத்தளவையில் அடங்கும் என்கிறார். பௌத்தத் தருக்கத்தின் நிலை இது. ஒருவர் சொல்லால் கிடைக்கும் அறிவு தனி அளவை ஆகாது. அந்தச் சொல்லை ஏன் நம்பலாம் என்று கேட்பவர் அனுமானித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படவில்லை. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் காட்சி, கருதல் ஆகியவற்றோடு உரையையும் சேர்த்து மூன்றாக வைக்கிறார். நியாய தரிசனமும் ஆப்தனின், அதாவது நம்பத்தக்கவரின், வாக்கியத்தைத் தனி அளவையாகவே கொள்கிறது.

ஆப்தன் யார் என்பதற்கு நியாய சூத்திர உரையில் வாத்ஸ்யாயனர் தரும் விளக்கம் கவனிக்க வேண்டியது. பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பமும் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்கிறார். குலமும் பதவியும் அதில் இடம்பெறவில்லை. நேரறிவும் நேர்மையும் மட்டுமே இடம்பெறுகின்றன.

பெயர் மறைக்கும் இதழ்கள் அறவண அடிகளின் பக்கம் நிற்பவை என்று சொல்லலாம். அதற்கு அவற்றிடம் நல்ல காரணமும் உண்டு. 1982இல் டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் சேசி என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புகழ்பெற்ற நிறுவனங்களிலிருந்து வந்து ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தையும் கற்பனைப் பெயர்களாக மாற்றி, அச்சிட்ட அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். 3 கட்டுரைகள் மட்டும் பிடிபட்டன. மீதி 9இல் 8 நிராகரிக்கப்பட்டன. பலவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம், ஆய்வுமுறையில் பெருங்குறை. அந்தக் குறை முதல் தடவை யார் கண்ணிலும் படவில்லை.

நடுநிலைக்காகப் பேச்சையே விலக்கிய மதிப்பீட்டாளரும் தமிழ்க் கதையில் உண்டு. இறையனார் களவியல் உரை சொல்வதன்படி, சங்கப் புலவர்கள் அந்நூலுக்கு ஆளுக்கொரு உரை செய்து பூசலிட்டபோது, உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனைக் காரணிகனாக, அதாவது நடுவனாக, உட்கார வைத்தார்கள். நக்கீரர் உரையைக் கேட்டு அவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று தீர்ந்தது. தோற்ற புலவர்கள் காரணம் கேட்க வழியில்லை. இரண்டு வரி நிராகரிப்புக் கடிதம் வாங்கிய எவருக்கும் அவர்கள் நிலை புரியும்.

ஆனால் ஆங்கிலம் கற்பித்தல் என்னும் துறைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணிதக் கட்டுரையின் நிரூபணம் முழுவதும் தாளிலேயே கிடக்கும்; படிப்பவர் வரிவரியாகச் சரிபார்க்கலாம். வகுப்பறைக் கட்டுரை அப்படியன்று. பிள்ளைகள் இந்தப் பாடத்தில் பேசினார்கள், அந்தப் பாடத்தில் மௌனமானார்கள் என்று ஆசிரியர் எழுதினால், மதிப்பீட்டாளர் அந்த வகுப்பில் இருந்தவரல்ல. தருக்கம் சரியா என்று அவர் பார்க்கலாம். நடந்ததா என்பதற்கு எழுதியவர் சொல்லே கதி. காட்சியும் கருத்தும் போதும் என்று நடத்தப்படும் மதிப்பீட்டுக்குள் உரை அளவை பின்கதவால் வந்து அமர்ந்துகொள்கிறது. அந்தச் சொல்லின் நம்பகத்தை, பெயர் இல்லாத இடத்தில், வேறு அடையாளங்களைக் கொண்டு மதிப்பீட்டாளர் அளக்கிறார்: ஆங்கில நடை எப்படி, கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் நூல்களைச் சுட்டியிருக்கிறாரா, ஊர் எது.

இந்த அடையாளங்கள் என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். சுரேஷ் கனகராஜா போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தாளுக்கும் தட்டுப்பாடு. வெளிநாட்டு இதழ்களோ நல்ல தாளில் தட்டச்சிட்ட பல பிரதிகளையும் அண்மைக்கால நூற்சுட்டுகளையும் கேட்டன. புதிய இதழ்கள் வந்து சேராத ஊரில் அண்மைக்கால நூற்சுட்டு எங்கிருந்து வரும்? 1996இல் ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலும் 2002இல் வந்த ‘கல்வி எழுத்தின் புவியரசியல்’ என்று பொருள்படும் ஆங்கில நூலிலும், அறிவின் தரம் என்று கருதப்படுவதில் எவ்வளவு வெறும் பொருள்வசதி என்பதை அவர் காட்டினார். பெயரை மறைத்துவிடலாம், பழைய தட்டச்சு நாடாவின் மங்கலை மறைக்க முடியாது.

அவருடைய 1993ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் நேரே இந்த வினாவைத் தொடுகிறது. ஆங்கிலம் கற்பித்தல் ஆய்விதழான டெசோல் குவாட்டர்லியில் வந்த அது ஒரு யாழ்ப்பாண ஆங்கில வகுப்பைப் பற்றியது. பாடநூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. கேட்டால் மாணவர் ஆங்கிலம் அவசியம் என்றே சொன்னார்கள். பாடநூலின் ஓரங்களைப் பார்த்தால் வேறு கதை: படங்கள், காதல் வசனங்கள், அரசியல் வாசகங்கள், பாட மாந்தர்களைத் தமிழராக்கிய கேலி. வாய்ச்சொல்லும் ஓரக்குறிப்பும் முரண்பட்டபோது இரண்டையும் வைத்துப் பார்த்ததால்தான் அந்த ஆய்வு நிலைபெற்றது. அங்கேயே இருந்து கற்பித்தவர் அல்லாமல் வேறு யார் அந்த ஓரங்களைப் பார்த்திருப்பார்? நேரறிவு என்று வாத்ஸ்யாயனர் கேட்பது இதைத்தான்.

சாட்சி சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவராகவும் எழுதக் கிடைத்தவர் வேறொருவராகவும் இருக்கும் நிலைக்கு, யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள மன்னார்த் தீவில் பழைய எடுத்துக்காட்டு உண்டு. தலைமன்னார் ரயில் பாதையில் மன்னாருக்கும் பேசாலைக்கும் நடுவே உள்ள தோட்டவெளியில் வேதசாட்சிகளின் அன்னை பெயரில் ஆலயம் நிற்கிறது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட, புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்களின் நினைவிடம் அது. 600 பேரளவில் என்பது வழக்கு. நிகழ்வை முதலில் வெளியுலகுக்குச் சொன்னவற்றுள் ஒன்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதம். அவர் அந்த இடத்தில் இருந்தவரல்லர். இறந்தவர் கையெழுத்து எதுவும் இல்லை. யாழ்ப்பாணத் தரப்பில் இதைச் சொல்லும் வைபவமாலை என்ற வரலாற்று நூல் எழுதப்பட்டது 18ஆம் நூற்றாண்டில். நேரே அறிந்தவர் எவரும் எழுதாத ஒரு நிகழ்வைத்தான் வரலாறு இன்று அறிந்திருக்கிறது. சவேரியார் பொய் சொன்னார் என்பதன்று பொருள். கடிதம் போய்ச் சேரும் வழி யார் கையில் இருந்ததோ அவர் சொல்லே ஏடாயிற்று.

பிரிட்டிஷ் தத்துவவியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் இத்தகையவற்றுக்கு அறிவுசார் அநீதி என்று பெயரிட்டார். சொல்பவரின் இனம், பால், பேச்சு ஆகியவற்றால் அவர் சொல்லின் மதிப்பு குறைக்கப்படுவது அதில் ஒரு வகை. பெயர் மறைப்பு இந்த வகைக்கு ஓரளவு மருந்து. ஆனால் ஆய்வு நடந்த இடத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. தோட்டவெளிப் பள்ளியில் தரம் 9 மாணவர் பற்றிய கட்டுரைக்கு ‘உலக வாசகருக்கு இதனால் என்ன பயன்’ என்ற கேள்வி வரும். இங்கிலாந்துப் பள்ளியைப் பற்றிய கட்டுரைக்கு அதே கேள்வி வருவது அரிது. அது பொதுவான ஆங்கில வகுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஊரையும் மறைத்துவிடலாம் என்பது சரியான விடையாகாது. பனங்காடும் கடலும், கத்தோலிக்க, முஸ்லிம், இந்துப் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் வகுப்பும், வீட்டில் ஆங்கிலமே கேட்காத காதும் போய்விட்டால் மிஞ்சுவது ஆய்வன்று, வெறும் பொதுக்கூற்று.

உரை அளவையை ஒப்புக்கொண்டால் கடமை எழுதுபவர் பக்கமும் வரும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக்கூடாது என்ற விதி பலருக்கு நிர்வாகத் தொல்லையாகப் படுகிறது; அது ஒரே சாட்சியை இரண்டு சாட்சிகளாக எண்ண விடாத விதி. மாணவரின் சம்மதம் பெறாமல் அவர்கள் எழுத்தை எடுத்தாள்வது, சரியாக வராத பாடவேளையை விட்டுவிட்டு வந்ததை மட்டும் எழுதுவது, காசு வாங்கிக்கொண்டு படிக்காமலே அச்சிடும் போலி இதழ்களுக்குக் கொடுப்பது ஆகிய மூன்றிலும் வாத்ஸ்யாயனரின் இரண்டாம் நிபந்தனை, அறிந்தபடி சொல்லும் விருப்பம், உடைகிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் பல்கலைக்கழகங்கள் அந்த உடைப்பில் பங்காளிகள்.

மதிப்பீட்டாளர் பக்கம் வேண்டியது இன்னும் எளியது. நடையையும் நூற்சுட்டையும் பார்ப்பதற்கு முன், எழுதியவர் அந்த வகுப்பை நேரே கண்டாரா, கண்டதைச் சரிபார்க்கப் போதிய சான்று தந்தாரா என்ற இரண்டையும் கேட்க வேண்டும். இதைப் பழக அவகாசம் இல்லை என்று சொல்ல, இந்தத் துறையின் இதழ்கள் புதியவை அல்ல: லண்டனில் ஹார்ன்பி தொடங்கிய இதழ் 1946இலும், சென்னையில் எஸ். நடராஜன் தொடங்கிய இதழ் 1965இலும் வந்தவை. கனகராஜாவே 2005 முதல் சில ஆண்டுகள் டெசோல் குவாட்டர்லியின் ஆசிரியராக இருந்து மற்றவர் கட்டுரைகளை ஏற்கவும் மறுக்கவும் செய்தார்.