நாயின் வேட்கையும் மனிதனின் கடனும்

கருவியைத் தேர்ந்தெடுப்பது வேறு. உயிரைத் தேர்ந்தெடுப்பது வேறு. பயன்படாத கருவியை மூலையில் சார்த்தி வைக்கலாம். உயிரை அவ்வாறு சார்த்தி வைத்தல் இயலாது. இவ்வேறுபாட்டை மறந்தவர்களே, வேட்டைக்கு எந்த நாய் சிறந்தது என்னும் வினாவை எளிய வினாவாகக் கருதுகின்றனர்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் காட்டை ஒட்டியே அமைந்துள்ளன. தேயிலை நிரைகள் முடியும் இடத்தில் பிரம்பும் முட்புதரும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே பகலில் பதுங்கும் காட்டுப்பன்றி, இரவில் இறங்கிக் கொல்லைகளைக் கிளறிவிடுகிறது. மனிதனின் கண் காணாததை நாயின் மூக்கு அறியும். ஆதலால் புதருக்குள் புகுந்து விலங்கைக் கிளப்பிவிடும் நாயை வேட்டைக்காரர் நாடுகின்றனர். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றி வேட்டைக்கு உரிமம் வேண்டும். ஆனால் எந்த உரிமத்தாளும் நாயின்பால் உள்ள கடமையைக் கற்பிப்பதில்லை.

அடர்ந்த புதரில் இரையைக் கிளப்புவதற்கென்றே இங்கிலாந்தில் வளர்த்தெடுக்கப்பட்டவை ஸ்பேனியல் நாய்கள். வுட்காக் என்னும் பறவையை எழுப்பியதால் ஒரு வகைக்குக் காக்கர் என்று பெயர் வந்தது. சற்றுப் பெரிய ஸ்பிரிங்கரை அந்நாட்டுக் கென்னல் சங்கம் 1902இல் தனி இனமாக ஏற்றது. துப்பாக்கி எட்டும் எல்லைக்குள் தேடுவது இவற்றுக்குக் கற்பிக்கப்படும் ஒழுக்கம். ஆயின், பறவை பறந்து போகும். பன்றியோ திரும்பி நின்று கோரைப்பல்லால் கிழிக்கும். மேலும், நீண்ட காதிலும் அடர்ந்த மயிரிலும் மலைக்காட்டின் முள்ளும் அட்டையும் எளிதில் பற்றும்.

தமிழகத்துக் கோம்பை நாய் பன்றி வேட்டையில் பெயர் பெற்றது. அஞ்சாமை அதன் சிறப்பு. அதுவே அதற்கு இடரும் ஆகும். கேமரன் மலையிலோ தெலோம் ஆறு ஓடுகிறது. பூர்வகுடி மக்கள் வளர்த்த சிறிய, குட்டைமயிர் நாய்களை மானிடவியலாளர் ஓர்வில் எலியட் 1963இல் அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றார். அந்த ஆற்றின் பெயராலேயே அவை தெலோமியன் எனப்பட்டன. உயர்ந்த கால்களின்மேல் நிற்கும் குடில்களுக்கு ஏணியேறிச் சென்று, மக்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவை அவை. நிலத்திற்கு ஏற்ற நாய் எது என்றால், நிலமே வளர்த்த நாய்தான். எனினும் வினா அத்துடன் முடிவதில்லை.

புதருக்குள் போவது நாய். வெளியே நிற்பவன் மனிதன். காயம் நாய்க்கு, இறைச்சி மனிதனுக்கு. இது நியாயமா என்று கேட்டால், “நாய் தானே விரும்பிப் பாய்கிறது” என்பர். உண்மைதான். ஆனால் அவ்விருப்பம் எங்கிருந்து வந்தது? மோப்ப வேட்கை மிக்கவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைத்து, அவ்வேட்கையைக் கூர்மையாக்கியவன் மனிதன் அல்லனோ? தான் வளர்த்துவிட்ட ஆசையையே அதன் சம்மதமாகக் காட்டுவது அறமாகாது. பிறருள் ஒரு வேட்கையை விதைத்தவன், அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே நாயைத் தேர்பவன் முதலில் தன்னையே தேர்ந்து பார்த்தல் வேண்டும். அதற்கு நாள்தோறும் ஓடுவதற்கு இடம் தருவானா? காயம்பட்டால் சுமந்து வருவானா? மூக்கு மழுங்கி, கால் தளர்ந்த நாளிலும் சோறிடுவானா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று சொல்ல இயலாதவனுக்கு எந்த இனமும் பொருந்தாது.

பாரதத்தில் தருமன், தன்னுடன் நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தான். அந்த நாய் அவனுக்காக எந்த இரையையும் கிளப்பியதில்லை. உடன் வந்தது, அவ்வளவே. பயனைக் கணக்கிடாத அந்த உறவே அவனுடைய அறத்திற்கு உரைகல்லாயிற்று.

தோட்டத் தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலை நின்றால் லயத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியிருந்த வாழ்வை அவர்கள் அறிவார்கள். உழைக்கும்வரைதான் இடம் என்னும் நியதியின் கொடுமையைத் தம் உடம்பிலேயே உணர்ந்தவர்கள் அவர்கள். அத்தகையோர் நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயரும்போது, வேட்டைக்கு உதவிய கிழட்டு நாயை லயத்து வாசலில் விட்டுச் செல்லலாமா? தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை அறிந்தவர், அதனைத் தம்மினும் எளிய உயிருக்கு இழைக்காதிருத்தலே அந்த அறிவின் பயன்.