உழவர் முன் வாசிக்கப்படாத கணக்கு

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை முதல் தேதியோடு யூஎஸ்எய்ட் அமைப்பே மூடப்பட்டது. அந்தப் பணத்தை நம்பி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்துவந்த வேளாண் திட்டங்கள் பல பாதியில் நின்றன. வெட்டியவர்கள் வீண்செலவு என்றார்கள். காக்க முனைந்தவர்கள் உயிர்காக்கும் பணி என்றார்கள். இரு தரப்பும் உழவரின் பெயரால்தான் பேசின. ஆனால் வயலில் நின்றவரை அழைத்து, "இந்தத் திட்டத்தால் உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை.

இதில் அறம் எந்தப் பக்கம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. யார் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டதோ, அவர் முன்னிலையில்தான் கணக்கு வைக்கப்பட வேண்டும். பணம் கொடுத்தவருக்குக் காட்டும் கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

பினாங்கில் இருப்பவர்கள் இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே சென்றால், சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் கெடாவின் நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அங்குள்ள மூடா பாசனத் திட்டத்துக்கு உலக வங்கி 1965இல் 4.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. மூடா, பெடு அணைகள் எழுந்தன. 1970இலிருந்து, ஒருபோகம் விளைந்த மண்ணில் இருபோகம் விளைந்தது. நீரைத் தேக்கி வைப்பதே மன்னன் பெயரை நிலைநிறுத்தும் என்று பாண்டியன் நெடுஞ்செழியனிடம் புறநானூற்றில் குடபுலவியனார் எடுத்துரைத்த அறம் இது. அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இந்தத் திட்டத்தின் பலனைக் கிளைவ் பெல், பீட்டர் ஹேஸல், ரோஜர் ஸ்லேட் மூவரும் ஆராய்ந்து 1982இல் நூலாக்கினார்கள். வயலில் கூடிய ஒவ்வொரு வெள்ளி வருமானமும் கடைகளிலும் ஆலைகளிலுமாக அவ்வட்டாரத்தில் மேலும் ஏறக்குறைய 80 காசு வருமானத்தை உண்டாக்கியது என்று கணக்கிட்டார்கள். நேர்மையும் கடும் உழைப்பும் உள்ள ஆய்வு அது. ஆனால் அதற்கு அடிப்படையான களத்தகவல் 1970களின் தொடக்கத்தில் திரட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய அறுவடை இயந்திரங்கள் அந்த வயல்களில் இறங்கின. கதிர் அறுத்தும் நெல் அடித்தும் கூலி பெற்ற ஏழைக் குடும்பங்கள் அந்தக் கூலியை இழந்தன. 1978 முதல் 1980 வரை அங்கே ஒரு கிராமத்தில் தங்கியிருந்த ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் வெளியிட்ட நூல் இதைப் பதிவு செய்தது. ஒரே சமவெளியைப் பற்றிய இரண்டு உண்மைகள் இவை. முதலாவதை மட்டும் வைத்து வெற்றி என்று முத்திரை குத்தினால், கூலி இழந்தவர் கணக்கிலேயே வரமாட்டார்.

எந்தச் செயலிலும் இழப்பையும் பேற்றையும் பின்னால் மிஞ்சும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர், 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில். அவர் இழப்பைத்தான் முதலில் வைத்தார். சிலப்பதிகாரப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டான். எதிர்த்தரப்பை விசாரிக்காத அந்தப் பிழைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தான். திட்ட அதிகாரியின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டு எழுதும் அறிக்கையும் அதே பிழையைச் செய்கிறது. உழவருக்காக வரிநீக்கம் கேட்டுக் கிள்ளிவளவன் முன் நின்ற வெள்ளைக்குடி நாகனார், முறை வேண்டி வருவோருக்கு அரசன் எளியவனாக இருக்க வேண்டும் என்றார். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் கண்டிப்பானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் எந்த வாரியத்துக்கும் வரமுடியாது. அவருடைய உறவினருக்கும் அதே தடை. ஏரி வாரியமும் அந்த விதிக்குள் அடக்கம்.

குறையை வெளியே சொன்னால் உதவி நின்றுவிடும், துன்பம் ஏழைக்குத்தான் என்பார்கள். 2025ஐக் கண்டவருக்கு அந்த அச்சம் புரியும். வாய்மை அதிகாரத்தில் நன்மை தரும் பொய்க்கு வள்ளுவர் இடம் கொடுத்ததையும் துணைக்கு அழைப்பார்கள். அவரோ குற்றமற்ற நன்மைக்கு மட்டுமே அந்த இடத்தைக் கொடுத்தார். யாருடைய இழப்பு மறைக்கப்படுகிறதோ அவரைக் கேளாமல் மறைப்பது எந்த வகையில் குற்றமற்றதாகும்?

மறைத்தாலும் உண்மை வராமல் போவதில்லை, பிந்தி வருகிறது. ராக்கபெல்லர், கேட்ஸ் அறக்கட்டளைகள் 2006இல் தொடங்கிய 'அக்ரா' அமைப்பு, ஆப்பிரிக்கச் சிறு உழவர்களின் விளைச்சலையும் வருமானத்தையும் 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக அறிவித்தது. 90 லட்சம் உழவர்களின் வருமானத்தையும் உணவுப் பாதுகாப்பையும் உயர்த்தும் தலையாய இலக்கு எட்டப்படவில்லை என்று மதிப்பீட்டறிக்கை சொன்னது 2022இல். காலக்கெடு அதற்குள் கடந்துவிட்டது. இடையில் கடன்பட்டு விதையும் உரமும் வாங்கிய உழவருக்கு அந்த அறிக்கையால் என்ன பயன்?

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் மதிப்பீட்டுப் பிரிவு, நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல் நேரே செயற்குழுவுக்கு அறிக்கை தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்நிதியத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு. 1989இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்துக்கு அது கடன் கொடுத்தது. அத்திட்டத்தின்கீழ் தருமபுரியில் குழுவாகச் சேர்ந்த பெண்களுக்கு இவற்றில் எதுவும் தாய்மொழியல்ல. கூடாத காரியத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைக் கணக்கைக் கிராம சபையே தணிக்கை செய்ய விதித்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் முன்னால் வருகைப் பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் எழுத முடிந்தபோது, கோடிக்கணக்கான டாலர் கடன் தரும் அமைப்புகளால் முடியாதா?

வோர்ல்ட்ஃபிஷ் ஆய்வு நிறுவனம் 2000 முதல் பினாங்கில் தலைமையகம் கொண்டிருக்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக எளியோருக்காகக் குரல் கொடுத்துவருகிறது. இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பும் தகுதி இந்த ஊருக்கு உண்டு. அறிக்கை அச்சாகும் முன் திட்டப் பகுதியில், அவ்வூர் மொழியில், நிலமில்லாக் கூலிகளும் மீனவரும் பெண்களும் இருக்கும் கூட்டத்தில் அது வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் மறுத்துச் சொன்னவை அறிக்கையின் முதல் பக்கங்களில் இடம்பெற வேண்டும். அப்படி ஒரு கூட்டம் நடக்காத திட்டத்துக்கு அடுத்த தவணைப் பணம் விடுவிக்கப்படக் கூடாது.