அரசனிலிருந்து காசோலை வரை

வங்கியில் தருவது செக், கட்டம் போட்ட துணியும் செக், சரிபார்ப்பதும் செக். ஓசை மட்டும் ஒத்த தனித்தனிச் சொற்கள் என்றே இவை தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் இவற்றின் வேர் ஒன்றே: பாரசீகத்தின் 'ஷா', அதாவது அரசன்.

இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்ற சதுரங்கத்தில், எதிரியின் அரசனைத் தாக்குபவர் 'ஷா' என்று எச்சரிப்பது வழக்கம். அவ்விளி அரபு வழியே பழைய பிரெஞ்சுக்குப் போய் 'எஷெக்' ஆயிற்று. ஆட்டத்தின் பெயரான 'செஸ்' அதன் பன்மையிலிருந்து வந்தது. 'செக்' அதன் ஒருமையிலிருந்து. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. அரசன் இறந்தான் என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. செய்வதறியாது நின்றான் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆட்டத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லையே.

இனி, அரசனுக்கு ஆபத்து என்றதும் எதிராளி தன் திட்டத்தை நிறுத்தியாக வேண்டும். இதிலிருந்து தடுத்தல், கட்டுப்படுத்தல் என்ற பொருள்கள் கிளைத்தன. 'கூட்டணிக்கு செக் வைத்தார்' என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இப்பொருளில்தான். கட்டுப்படுத்துவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரிபார்த்தல் இவ்வாறு பின்னர் வந்து சேர்ந்தது.

இன்னொரு கிளை, பலகையிலிருந்து பிரிந்தது. பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு 'எஷெகியே' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரச வருவாய்க் கணக்கை ஒரு மேசையில் தீர்த்தார்கள். இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அதை விவரித்திருக்கிறார்: ஏறத்தாழ 10 அடி நீளம், 5 அடி அகலம், மேலே கோடிட்ட கருந்துணி. பவுண்டு, ஷில்லிங், பென்னி எனத் தனித்தனிப் பத்திகளில் வில்லைகளை நகர்த்திக் கணக்கிட்டார்கள். ரோமானிய எண்களைத் தாளில் எழுதிக் கூட்டுவது எளிதன்று. கண்ணெதிரே நகரும் வில்லை எவருக்கும் விளங்கும். ஒருபுறம் வரி செலுத்த வந்த ஷெரீஃப், மறுபுறம் அரச அலுவலர்கள். பார்ப்பவர்க்கு அது ஆட்டமாகவே தெரிந்திருக்கும். கருவூலம் 'எக்ஸ்செக்கர்' ஆனது இப்படித்தான். முதலில் நிற்கும் 'எக்ஸ்', பிரெஞ்சு 'எஸ்' என்பதை இலத்தீன் முன்னொட்டு என்று எண்ணிய பிற்காலத்தார் செய்த திருத்தம். கட்டம் போட்ட துணிக்கும் அந்தப் பலகையே பெயர் தந்தது.

காசோலையில் இவ்விரு கிளைகளும் சந்திக்கின்றன. அது கருவூலத்திலிருந்து நேரே பிறந்ததன்று. பணத்தாளின் கிழித்த மறுபாதியை வைத்துக்கொண்டு, திரும்பி வரும் தாளோடு ஒப்பிட்டு மோசடியைத் தடுத்தார்கள். 'செக்' முதலில் அந்த மறுபாதியின் பெயர். பிறகு தாளுக்கே ஆகிவந்தது. எழுத்துக்கூட்டு மட்டும் பிரிட்டனில் கருவூலத்தின் பெயரைப் பார்த்து மாறிற்று. அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர். நம் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டனின் எழுத்தைப் பின்பற்றுகிறது.