தப்பாய்ப் போட்ட கணக்கு யாருடையது?

பெங்களூருவிலிருந்து ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டினால் சந்தாபுரா. ஆனேக்கல் சாலை பிரியும் இந்த ஊரில் அடுக்குமாடிகள் பெருகப் பெருகப் பள்ளிகளும் பெருகிவிட்டன. வீட்டில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இங்குள்ள சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும், நாட்டின் மற்ற சிபிஎஸ்இ பள்ளிகளைப் போலவே, 2025 ஜூலையில் ஒரு கட்டளை வந்தது. கழிப்பறை நீங்கலாக வகுப்பறை, நடைவழி, ஆய்வகம் எல்லாவற்றிலும் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி வேண்டும். பதிவுகள் குறைந்தது 15 நாள் கைவசம் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசுவது கடினம். பள்ளிக்குள் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளைக் கேட்டுப் பதறிய பெற்றோர் கேமரா கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நடைவழிக்கு ஒரு கேமரா வைப்பதும், பாடம் நடக்கும் அறையில் பேச்சோடு பதிவதும் ஒன்றாகிவிடாது. நடைவழியில் பிள்ளை போகிறது, வருகிறது. வகுப்பில் அது தப்புச் செய்கிறது. தப்புச் செய்து கற்றுக்கொள்ளத்தான் அங்கே அனுப்பியிருக்கிறோம்.

ஓர் ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னதும், பலகைக்கு வரும் சிறுமி மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/7 என்று எழுதுகிறாள். பின்பெஞ்சில் சிரிப்பு. விவரம் தெரிந்த ஆசிரியருக்குச் சரியான விடையைவிட இந்த 2/7 பிடிக்கும். பிள்ளையின் மனம் எந்த வழியில் போனது என்று அதில் அப்படியே தெரிகிறது. பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவர் அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், தான் எவ்வளவு நேரம் பொறுத்தோம், சிரித்தவர்களை என்ன செய்தோம், அவளிடமிருந்து சாக்பீஸை எப்போது பிடுங்கினோம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். புத்தகம் படித்து இதைக் கற்க முடியாது. ஆகவே பதிவே கூடாது என்று கதவைச் சாத்துவதும் பிள்ளைகளுக்கு நல்லதில்லை.

1995-இல் ஜேம்ஸ் ஸ்டிக்லர் தலைமையில் நடந்த டிம்ஸ் என்னும் சர்வதேசக் கல்வி ஆய்வின் வீடியோ பகுதியில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் படமாயின. அவற்றை ஊரறியப் போட்டுக் காட்டவில்லை. வெளியே காட்டுவதற்கென்று சில பாடங்களை, அதற்கான சம்மதம் தனியே வாங்கிப் பதிவு செய்தார்கள். நம் ஊரில் பல பள்ளிகள் அட்மிஷன் பாரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி சேர்த்து, ஆசிரியர் பயிற்சி, பெற்றோரின் வாட்ஸ்அப் குழு, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், அடுத்த ஆண்டு விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்தில் வேலையை முடித்துவிடுகின்றன. பாடம் எடுத்துக்கொண்டே ரீல்ஸும் எடுப்பதை எந்த நியாயத்தாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. அந்த வீடியோவால் பிள்ளைக்கு வருவது ஒன்றுமில்லை.

முகத்தை மங்கலாக்கிவிட்டோமே என்பார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் பள்ளியின் பெயரும், பஸ் ரூட் எண்ணும், அப்பாவின் கைபேசி எண்ணும் இருக்கின்றன. ஆசிரியர் பெயர் சொல்லித்தான் பலகைக்கு அழைக்கிறார். குரல் அவளுடைய குரல்தான். மேலும், மங்கலான முகம் மறைப்பது முன்பின் தெரியாதவர்களிடமிருந்து. ஒரு பிள்ளை வெட்கப்படுவது அடுத்த தெருக்காரர்களிடம், டியூஷனுக்கு வருபவர்களிடம், பெரியப்பா வீட்டில். அவர்களுக்கு அந்த ரெட்டை ஜடையும் நிற்கும் விதமுமே போதும்.

2019-இல் டெல்லி அரசு, வகுப்பறைக் காட்சியைப் பெற்றோர் கைபேசியில் நேரலையாகப் பார்க்க வழி செய்தது. தன் பிள்ளையைப் பார்க்கும் உரிமை தாய்க்கு உண்டுதான். அந்தத் திரையில் அவள் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் மற்ற நாற்பது பேரைப் பார்க்கும் உரிமையை அவளுக்குக் கொடுத்தது யார்? சேமித்து வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. மத்திய அரசின் திக்‌ஷா கல்வித் தளத்தில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த செய்தி 2023 ஜனவரியில் வெளிவந்தது. அந்தத் தளத்தின் அடிப்படையான சன்பேர்ட் மென்பொருள் இதே பெங்களூருவில் உருவானது.

இத்தனைக்கும் எதிராக நிற்கும் கேள்வி ஒன்றுண்டு. 2023 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகரில், ஓர் ஆசிரியை ஒரு முஸ்லிம் சிறுவனை அவன் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே அறைய வைத்தார். வீடியோ இல்லாவிட்டால் அது அந்தச் சுவருக்குள்ளேயே அடங்கியிருக்கும். வீடியோ பரவியதால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநில அரசை நீதிமன்றம் கண்டித்தது. அழுதுகொண்டு நிற்கும் அந்த முகத்தையும் நாடு முழுவதும் பார்த்தது. அதைப் பகிர்ந்த, உண்மை சரிபார்க்கும் தளமான ஆல்ட் நியூஸின் இணை நிறுவனர் முகமது ஜுபைர்மீது, சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டதாக வழக்குப் பதிவானது. அறைந்தவர்களும் பிள்ளைகளே, அவர்கள் முகமும் அதில் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லி, பதிவைக் காவல் துறையிடம் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் முறை. ஊர் பார்க்காமல் அரசு அசைந்திருக்குமா என்றால், அசைந்திருக்கும் என்று துணிந்து சொல்ல முடியவில்லை. இந்த இடத்தில் அறம் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அதன் வழியில் வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளோ கல்விக்காகவும் பாதுகாப்புக்காகவும் பள்ளிகள் கண்காணிக்க விலக்குத் தருகின்றன. இரண்டுமே பிள்ளையிடம் கேட்கச் சொல்லவில்லை. பெற்றோரின் சம்மதமும் எவ்வளவு சுதந்திரமானது? பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு நிற்கும் தகப்பன், அலுவலகத்தில் நீட்டிய தாளில் 'வேண்டாம்' என்று எழுதுவாரா?

ஆகவே கேட்ட விதத்தைவிட, மறுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாடத்தைக் கைபேசியில் பதியும் பயிற்சி ஆசிரியர், மறுத்த பிள்ளையைக் கேமராவுக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவதுண்டு. படத்தில் அவள் இல்லை; அன்றைய கேள்விகளும் அவளுக்கு இல்லை. அவள் முறை வரும்போது கைபேசியை நிறுத்திவிட்டு அவளையும் பலகைக்கு அழைக்கலாம். பதிவில் நான்கு நிமிடம் விடுபடும். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் போதும்.